வழிகிற நீருக்கு என்ன பெயர்?

ஐப்பசியில் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டால் ஏற்காட்டு ஏரி நிறைந்துவிடும். நிறைந்ததைப் பார்த்து மழை நிற்பதில்லை. கரைக்குள் அடங்காத நீர் வெளியேறி, தோட்டங்களுக்கு நடுவே ஓடையாக இறங்கி, கிளியூர்ப் பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து சுமார் 300 அடி கீழே விழுகிறது. சேலத்திலிருந்து குடும்பத்தோடு வண்டியேறி வருகிறவர்கள் கிளியூர் அருவி என்று பார்த்துவிட்டுப் போவது, ஏரியால் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியாமல் போன தண்ணீரைத்தான்.

அந்தத் தண்ணீரை எந்தச் சொல்லால் அழைப்பது? பொறியாளர் உபரி என்பார். கரையில் கடை போட்டிருப்பவர் ஏரி வழியுது என்பார். கணக்குப் பார்ப்பவர் வீண் என்று எழுதக்கூடும். அருவிக்குக் கீழே பாறை இடுக்கில் வேர்விட்டிருக்கும் மரத்துக்கு வாயிருந்தால் அது வேறொரு சொல்லைச் சொல்லும். நீர் ஒன்றுதான். நிற்கிற இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. மனிதர்கள் வெகுகாலமாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று இந்தப் பெயர்களுக்குள் ஒளிந்திருக்கிறது: கூடுதலாக இருப்பது எப்போது வரம், எப்போது குற்றம்?

இன்றைய தமிழில் எல்லாவற்றுக்கும் 'அதிகம்' என்ற ஒரே சொல்லைப் போட்டுப் பழகியாயிற்று. மழை அதிகம், விலை அதிகம், பாசம் அதிகம், திமிர் அதிகம். வசதியான சொல்தான். ஆனால் அது அளவை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. பழைய சொற்கள் அப்படியில்லை. ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே வந்தது.

மிகுதியைக் குறிக்கும் உரிச்சொற்கள் என்று தொல்காப்பியம் உறு, தவ, நனி மூன்றையும் சேர்த்துச் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் அதை ஆறாக்கினார்: சால, உறு, தவ, நனி, கூர், கழி. பவணந்தி சமணத் துறவி. உடைமைக்கு எல்லை கட்டிக்கொள்வதை நோன்பாகவே கொண்ட சமயத்தைச் சேர்ந்தவர், மிகுதிக்கு ஆறு சொற்களைப் பொறுமையாக வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார். இவற்றில் 'தவ' என்பது மிகுதி. 'தவம்' என்பதோ குறைத்துக்கொள்வது. வேர்கள் வேறு, ஒலி மட்டும் ஒன்று. ஆனாலும் தமிழ் படிக்கும் பிள்ளை இந்த இரண்டையும் ஒரே அகராதிப் பக்கத்தில் பார்க்க நேரும்போது கொஞ்ச நேரம் நின்றுவிடும்.

அந்த ஆறில் முதலும் கடைசியும் போன வழிதான் வியப்பு. 'சால்' என்றால் நிறைதல், பொருந்துதல். அதிலிருந்து சால்பு பிறந்தது, சான்றாண்மை பிறந்தது, சான்றோர் பிறந்தார்கள். மிகுதியின் பெயர் மனிதரின் உயர்ந்த நிலைக்கே பெயராகிவிட்டது. கடைசியில் நிற்கும் 'கழி' முதலில் நல்ல நிலையில்தான் இருந்தது. கழிபேருவகை என்றால் கரைகாணாத மகிழ்ச்சி. இன்று அந்த ஒலி கேட்கும் இடங்கள் எவை? கழிவுநீர், கழிவறை, தோல் கழிவு, ஆலைக் கழிவு. ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்த ஆறு பேரில் ஒருவர் சான்றோர் அவைக்குப் போனார், ஒருவர் சாக்கடைக்குப் போனார். அளவு காரணம் என்றால் இருவரும் ஒரே இடத்துக்கு அல்லவா போயிருக்க வேண்டும்?

'மிகை' இன்னும் நேரடியானது. பெருமை என்ற பொருளும் அதற்கு உண்டு, குற்றம் என்ற பொருளும் உண்டு. நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று இலக்கணம் வகுத்தபோது குன்றக் கூறல் முதலில் வந்தது, மிகைபடக் கூறல் அதன் பின்னாலேயே வந்தது. குறைவாகச் சொல்வதும் கூடுதலாகச் சொல்வதும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன. யாப்பிலும் இதே மனப்பாங்குதான். நான்கு சீர் கொண்ட அடிக்குத் தமிழ்ப் புலவர்கள் வைத்த பெயர் அளவடி. இரண்டு சீர் குறளடி, மூன்று சிந்தடி, ஐந்து நெடிலடி, அதற்கு மேல் போனால் கழிநெடிலடி. நான்கை நடுவில் நிறுத்தி அதை 'அளவு' என்று சொன்னவர்கள் ஆறு, ஏழு, எட்டுச் சீர்களைத் தடை செய்யவில்லை. அவற்றுக்கும் இடம் கொடுத்தார்கள், விருத்தங்கள் அதில் பெருகின. கூடுதலுக்கு இடம் இருந்தது. எதைவிடக் கூடுதல் என்ற கணக்கும் கூடவே இருந்தது.

ஏற்காட்டுக்கு ஆங்கிலம் ஏறி வந்தது காப்பியோடு. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் இங்கே காப்பிச் செடி நடப்பட்டது. தோட்டங்கள் வந்தன, துரைமார் பங்களாக்கள் வந்தன, பின்னர் பள்ளிகள் வந்தன. மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இல் தொடங்கியது. ஆங்கிலம் கற்கும் எந்த மாணவருக்கும் எக்ஸஸ், சர்ப்ளஸ், அபண்டன்ஸ், சூப்பர்ஃப்ளுவஸ், ரிடண்டண்ட், லாவிஷ் எல்லாம் ஏறக்குறைய ஒரே பொருள் தரும் சொற்கள் என்றுதான் முதலில் சொல்லித்தரப்படும். பிறந்த கதையைக் கேட்டால் அந்த நினைப்பு மாறிவிடும்.

லத்தீனில் 'உண்டா' என்றால் அலை. கரையைத் தாண்டி அலை புரள்வதிலிருந்து அபண்டன்ஸ் வந்தது. அதே அலை திரும்பி அடித்துத் ததும்புவதிலிருந்து ரிடண்டண்ட் வந்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று அறுவடை நாளில் வாழ்த்தாகச் சொல்லப்படுகிறது. இன்னொன்று பிரிட்டனில் ஆலைத் தொழிலாளியின் கையில் கொடுக்கப்படும் கடிதத்தில் வருகிறது, இனி நீ வேண்டாதவன் என்று. தமிழ்நாட்டுக் கல்வித் துறையிலும் இதற்கு இணையான சொல் உண்டு: உபரி ஆசிரியர். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்த பள்ளியில் கணக்குக்கு மேல் நிற்பவரை அப்படி அழைத்துப் பணிநிரவலில் வேறு ஊருக்கு அனுப்புவார்கள். 'உபரி' என்ற வடசொல்லுக்கு நேர்ப்பொருள் 'மேலே' என்பதுதான். அதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் இருபது ஆண்டு பாடம் நடத்திய ஒருவர் பட்டியலில் தன் பெயருக்கு நேரே அந்தச் சொல்லைப் பார்க்கும்போது அது 'மேலே' என்று அவருக்குக் கேட்காது.

எக்ஸார்பிடன்ட் என்ற சொல்லைக் கடைக்காரர் கேட்கும் அநியாய விலைக்கு ஆங்கிலத்தில் சொல்வார்கள். 'ஆர்பிட்டா' என்பது வண்டிச் சக்கரம் பதிந்த தடம். தடத்தை விட்டு வெளியே போவதுதான் இந்தச் சொல்லின் பிறவிப் பொருள். எக்ஸ்ட்ராவகண்ட் என்பதோ எல்லைக்கு வெளியே அலைவது. இரண்டிலும் எண்ணிக்கை கிடையாது, பாதை இருக்கிறது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறும் ஓட்டுநருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சமவெளியில் சாதாரணமாகத் தெரியும் வேகம் பதினைந்தாவது வளைவில் மிகை. வேகமானியில் முள் காட்டும் எண் மட்டும் மாறவேயில்லை.

சேட் என்ற ஆங்கிலச் சொல்லின் கதை எல்லாவற்றையும்விட நெஞ்சைத் தொடுவது. இன்று அதன் பொருள் துயரம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அதன் பொருள் 'வயிறு நிறைந்த' என்பது. 'போதும்' என்று பொருள்படும் லத்தீன் 'ஸாடிஸ்' அதன் உறவுச் சொல். நிறைந்தவர் கனத்தார், கனத்தவர் அசைய மறுத்தார், அசைவற்றவர் துயருற்றவராகத் தெரிந்தார். இப்படிப் படிப்படியாகப் பொருள் சரிந்தது. தமிழில் இந்த இடத்தில் 'திகட்டல்' இருக்கிறது. முதல் அதிரசம் இனிக்கும், நான்காவது திகட்டும். ஆறாவதை யாராவது வற்புறுத்தி வைத்தால் கண் கலங்கும். ஆங்கிலேயர் சொன்னது சரிதான் என்று அப்போது தோன்றும்.

தோட்டத்துக்குள் போய் ஒரு கிளையைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த விஷயம் இன்னும் துலங்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்து ஒன்பது பத்து நாளில் அராபிகா செடி வெள்ளையாகப் பூத்துவிடும், மல்லிகைப் பந்தல் போல. மேலே நிழல் மரம் அடர்ந்திருந்தால் பூ அளவாக இருக்கும். நிழல் மெலிந்து வெயில் கொட்டினால் கணுவுக்குக் கணு பூ அடைந்து நிற்கும். தோட்டக்காரருக்கு ஆனந்தமான காட்சி அது. ஆனால் மாமரம் போலத் தாங்க முடியாத பிஞ்சை உதிர்த்துவிடும் வழக்கம் காப்பிச் செடிக்குப் பெரிதாகக் கிடையாது. அது எத்தியோப்பியக் காட்டு நிழலில் கொஞ்சமாகப் பூத்துக் கொஞ்சமாகக் காய்த்து வளர்ந்த சாதி. பூத்ததையெல்லாம் காயாக்கிவிடும், காய்த்ததையெல்லாம் பழமாக்கப் பார்க்கும். இலை சமைத்த மாவுச்சத்து முழுவதும் காய்க்குப் போகும். வேருக்கு எதுவும் இறங்காது, புதுத் தளிருக்கு எதுவும் ஏறாது. இலை மஞ்சளாகி உதிரும். கடைசியில் கிளை நுனியிலிருந்து பின்னோக்கிக் காய்ந்துகொண்டே வரும். விரலால் வளைத்தால் சுள்ளி போல ஒடியும். அதில் கொத்துக் கொத்தாகக் காய் இருக்கும். பழுக்காமல் கறுத்து, உள்ளே பருப்புப் பிடிக்காத காய்.

காய்ப்பு மிஞ்சிக் கிளை சாவது என்று இதைச் சொல்லலாம். அந்த ஆண்டு பார்த்த கண்ணுக்கு அது அபார விளைச்சல். அடுத்த ஆண்டு அந்தக் கிளையே இல்லை. அதனால்தான் ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களும் பலா மரங்களும் செடிகளுக்கு மேலே நிற்கின்றன, அவற்றின் உடம்பைச் சுற்றி மிளகுக்கொடி ஏறுகிறது. நிழல் கூடினால் கிளையை வெட்டி வெயில் விடுவார்கள், குறைந்தால் மரம் வைப்பார்கள். அறுவடை முடிந்ததும் கவாத்து. செடிக்குச் செடி நின்று, இந்தக் கிளை போகட்டும், இது இருக்கட்டும் என்று முடிவு செய்கிற கத்தியில் ஓர் அறநூல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

கிளை செத்தது காய் அதிகமானதால் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே எண்ணிக்கைக் காயை நல்ல எருவும் இலையும் உள்ள வேறொரு செடி சிரமமின்றித் தாங்கும். செத்த கிளையில் நடந்தது வேறு. ஒரு திசைக்கு மட்டும் எல்லாம் போயிற்று. வேருக்கும் தளிருக்கும் பங்கு வரவில்லை.

திருவள்ளுவர் இதைப் பழுத்த மரத்தை வைத்தே இரண்டு இடங்களில் பேசுகிறார். ஒப்புரவறிதல் என்ற 22ஆம் அதிகாரத்தில் பிறர்க்கு உதவும் தன்மையுள்ளவரிடம் சேர்ந்த செல்வத்தை ஊருக்குள் பழுத்து நிற்கும் பயன்மரத்துக்கு ஒப்பிடுகிறார். அதற்கு முந்தைய குறளில் ஊரார் குடிக்கும் குளம் நிறைந்து நிற்கிறது. நன்றியில் செல்வம் என்ற 101ஆம் அதிகாரத்திலும் ஊர் நடுவே ஒரு மரம் பழுத்து நிற்கிறது. ஆனால் அது நச்சு மரம். யாரும் அண்டாதவனின் செல்வம். இரண்டு மரமும் ஊர் நடுவில், இரண்டும் பழுத்துக் குலுங்குகின்றன. தூரத்தில் நின்று பார்த்தால் எது எது என்று தெரியாது. எத்தனை பழம் என்று எண்ணிப் பார்த்தாலும் தெரியாது. யார் வந்து பறித்து உண்ண முடிகிறது என்பதில்தான் வேறுபாடு. அளவைப் பற்றிக் கவலைப்படாதவர் அல்லர் வள்ளுவர். மயிலிறகையே ஏற்றினாலும் அளவுக்கு மேல் போனால் வண்டி அச்சு முறியும் என்று சொன்னவரும் அவரே. ஆனால் செல்வத்தின் மிகுதி என்று வரும்போது அவர் மூட்டையை எடைபோடுவதை விட்டுவிட்டு, அது இறங்கும் வாசலைப் பார்க்கிறார்.

காப்பியின் வரலாற்றிலேயே அந்த வாசல் அடைபட்ட காலம் உண்டு. 1930களில் உலகமெங்கும் விலை சரிந்தபோது பிரேசில் அரசு தன் காப்பியைத் தீயிட்டது, கடலில் கொட்டியது. 1931 முதல் 1944 வரை அழிக்கப்பட்டது ஏறத்தாழ 7 கோடியே 80 லட்சம் மூட்டை, ஒவ்வொன்றும் 60 கிலோ. ஆங்கிலத்தில் அந்த நிலைமைக்குக் கிளட் என்று பெயர். அதன் வேர் விழுங்குதல். தொண்டை அடைத்துக்கொண்ட சந்தை. இந்தியாவில் இரண்டாம் உலகப் போர் ஐரோப்பியச் சந்தையை அடைத்தபோது, தோட்டக்காரர்களின் காப்பியை மொத்தமாக வாங்கி விற்கும் முறையைக் காப்பி வாரியம் கையில் எடுத்தது. வெளியே போக முடியாத காப்பி உள்ளூர்க் குவளைகளைத் தேடி வந்தது. இந்தியா காபி ஹவுஸ்களின் கதையும் இதோடு பின்னிக் கிடக்கிறது. பிரேசிலில் சாம்பலான மிகுதி, இங்கே நாலு பேர் உட்கார்ந்து அரசியல் பேசும் மேசைக்கு வந்தது.

இதைப் பழைய கதை என்று ஒதுக்க முடியவில்லை. சேலத்துக்குப் பக்கத்து மாவட்டமான தருமபுரியில், பாலக்கோடு பக்கம், தக்காளி விளைந்து குவியும் வாரங்களில் நாளிதழ்கள் 'அமோக விளைச்சல்' என்று எழுதும். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயி சாலையோரத்தில் கூடை கூடையாகக் கொட்டும் படம் அதே செய்தியில் வரும். 'மோகம்' என்ற வடசொல்லின் ஒரு வடிவத்துக்கு வீண் என்று பொருள்; 'அமோகம்' என்றால் வீண்போகாதது. வீண்போகாத விளைச்சல் தெருவில் நசுங்கிக் கிடக்கிறது. சொல் பொய்த்துப்போன அந்த இடத்தில் மாடுகள் மட்டும் மேய்கின்றன. அந்தப் படத்தைக் கடந்து அடுத்த பக்கம் புரட்டுவது எளிதாக இருக்கக் கூடாது.

தாராளம், ஏராளம் என்று இரண்டு சொற்களைத் தமிழர் நாள் முழுக்கப் புழங்குகிறார்கள். ஏராளம் எண்ணிக்கையோடு நின்றுவிடும். தாராளத்தில் ஒரு கை இருக்கிறது, கொடுக்கிற கை. தாராள மனசு என்பார்கள், ஏராள மனசு என்று யாரும் சொல்வதில்லை. ஆடம்பரத்துக்கோ வடமொழியில் முதற்பொருள் ஒரு வகை முரசு. ஊரைக் கூட்டுகிற ஒலி. கல்யாண மண்டபத்தில் இலையில் நிறைய வைப்பது தாராளம். முப்பது வகையை வைத்து இருபது வகை குப்பைத்தொட்டிக்குப் போனால் அங்கே கேட்பது முரசுதான்.

கிறிஸ்தவ மரபு இந்தக் கேள்வியோடு நெடுநாள் மல்லாடியிருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் தலையான பாவங்கள் ஏழு என்று படித்த பழைய பட்டியலில் 'போசனப்பிரியம்' ஒன்று. தின்னும் அளவைப் பற்றிய பாவம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 6ஆம் நூற்றாண்டில் பாப்பரசராக இருந்த பெரிய கிரகோரியும், அவரைப் பின்பற்றி 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸும் அதை ஐந்தாகப் பிரித்தார்கள்: நேரத்துக்கு முன்பே உண்பது, விலையுயர்ந்ததையே தேடி உண்பது, அளவுக்கு மேல் உண்பது, பறந்து பறந்து உண்பது, பக்குவத்தில் நுணுக்கம் பார்த்துப் பார்த்து உண்பது. ஐந்தில் ஒன்றுதான் அளவு. மற்ற நான்கையும் ஒரு கைப்பிடிச் சோற்றிலேயே செய்துவிடலாம். இந்த நுட்பம் வணங்கத்தக்கது. அளவாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அது விடுவதில்லை.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'பெரிஸ்ஸோஸ்' என்று ஒரு சொற்குடும்பம் இருக்கிறது. தமிழ்ப் 'பெரிசு' போல ஒலித்தாலும் உறவில்லை. யோவான் நற்செய்தியில் ஐயாயிரம் பேர் உண்ட பின் பன்னிரண்டு கூடையில் சேர்த்த மீதித் துண்டுகளுக்கு அந்தக் குடும்பத்துச் சொல். தான் வந்தது மனிதர் வாழ்வைப் பெறவும் அதை நிறைவாகப் பெறவும் என்று இயேசு சொல்லும் இடத்திலும் அதே குடும்பம். மாற்கு நற்செய்தியில் ஏழைக் கைம்பெண் தன்னிடமிருந்த இரண்டு காசையும் போட, பணக்காரர்கள் தங்களுக்கு மிஞ்சியதிலிருந்து போட்டார்கள் என்னுமிடத்திலும் அதுதான். லூக்கா நற்செய்தியில், உடைமை மிகுதியால் ஒருவர் உயிர் வாழ்வதில்லை என்ற எச்சரிக்கையிலும் அதுதான். கூடையில் கிடக்கும் துணுக்கு, வானளவு வாழ்வு, பணக்காரரின் சில்லறை, குவித்து வைத்த உடைமை நான்கையும் ஒரே வேர் தாங்குகிறது. தமிழில் பெயர்க்கும்போது மீதி, நிறைவு, பரிபூரணம், மிகுதி என்று இடத்துக்கு இடம் சொல் மாற்றியே ஆக வேண்டியிருக்கிறது. சொல் மாற்றும் ஒவ்வொரு முறையும் மொழிபெயர்ப்பாளர் ஒரு தீர்ப்பு எழுதுகிறார். அதே விவிலியத்தின் யாத்திராகமத்தில், பாலைவனத்தில் பொழிந்த மன்னா என்ற உணவை மறுநாளுக்கென்று எடுத்து வைத்தவர்களின் பாத்திரத்தில் புழு நெளிந்தது. உண்டவர் வயிற்றில் அது அப்பமாகவே இருந்தது.

ஏற்காட்டிலிருந்து இன்னும் மேலே ஏறினால் சேர்வராயன் மலை, 1,623 மீட்டர். உச்சியில் தட்டையான புல்வெளி, அதில் குனிந்து நுழைய வேண்டிய இருண்ட குகை. உள்ளே சேர்வராயனும் காவிரியம்மனும். சேர்வராயன் மலைத்தொடருக்குப் பெயர் தந்த தெய்வம் இவர்தான். அவரைப் பெருமாளாகவே கும்பிடுபவர்கள் உண்டு. சுற்றுவட்டாரத்து மலையாளிப் பழங்குடி மக்களுக்கு மே மாதத் திருவிழா பெரிய கூட்டம் கூடும் நாள். குகை உள்ளே நீண்டு காவிரி வரை போகிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

வைணவத்தில் மிச்சத்துக்குக் கிடைத்த இடம் வேறெங்கும் கிடைத்திருக்குமா என்பது ஐயம். உயிரைச் 'சேஷன்' என்றும் இறைவனைச் 'சேஷி' என்றும் அழைப்பது ராமானுஜர் வழி. சேஷம் என்றால் நேர்ப்பொருள் மிச்சம், எஞ்சியது. ராமானுஜர் அதைத் தனக்கென்று இராமல் இன்னொருவரின் பெருமைக்காக இருப்பது என்று விளக்கினார். எஞ்சி நிற்பது இழிவு என்ற எண்ணம் அங்கே தலைகீழாகிறது. மனிதர் வாய் வைத்தது எச்சில் என்று ஒதுக்குகிற அதே வீட்டில், பெருமாளுக்குப் படைத்து எஞ்சியது பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளப்படுகிறது.

தமிழ் இலக்கணமும் இதைத் தன் போக்கில் அறிந்திருந்தது. எஞ்சி நிற்பது எச்சம். 'வந்த' என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் காத்திருப்பார், வந்த யார்? அது பெயரெச்சம், ஒரு பெயர் வந்து சேர்ந்தால்தான் அதற்கு உயிர். 'வந்து' என்றால் வினையெச்சம். ஒரு வினைக்காக அது கையேந்தி நிற்கிறது. முடியாமல் நிற்பதை இலக்கணம் பிழை என்று சொல்லவில்லை. அடுத்து வருவதை நோக்கி நிற்பதாகச் சொன்னது. பெற்றோர் விட்டுச் செல்லும் பிள்ளைகளையும் எச்சம் என்றே சொன்னார்கள். மரத்தடியில் காக்கை போட்டுவிட்டுப் போவதும் எச்சம்தான், அதில் ஓர் ஆலவிதை இருக்கலாம்.

குகையை விட்டு வெளியே வந்து சட்டப் புத்தகத்தைத் திறந்தால் 'உபரி' மறுபடியும் எதிரே நிற்கிறது. தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர். 1970இல் அது 15ஆகக் குறைந்தது. அதற்கு மேல் இருப்பது உபரி நிலம், நிலமில்லாதவருக்குப் போக வேண்டியது. ஆனால் காப்பி, தேயிலை போன்ற தோட்டப் பயிர் நிலங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மலையடிவாரத்தில் பதினாறாவது ஏக்கர் உபரி. இருபது வளைவு ஏறி மேலே போனால் நூற்றுக்கணக்கான ஏக்கர் தோட்டம் உபரி இல்லை. தோட்டத்தைத் துண்டு போட்டால் தொழில் நசிந்துவிடும் என்பதற்கு நியாயம் உண்டு. அந்த நியாயம் எந்த இடத்தில் கோடு போட்டது, கோட்டின் எந்தப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேட்பதற்கும் நியாயம் உண்டு, குறிப்பாகத் தோட்டங்களுக்கு நடுவே சிறு காடுகளை வைத்துக்கொண்டு வாழும் மலை மக்களுக்கு.

தண்ணீரில் இது இன்னும் கூர்மையாகிறது. மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டால் 16 கண் மதகு திறக்கும், வெளியேறுவது உபரி நீர் என்று அறிவிப்பு வரும். அந்த உபரியை ஏற்றி, சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோக 565 கோடி ரூபாயில் ஒரு திட்டம் போடப்பட்டு 2020இல் பணி தொடங்கியது. அந்த ஏரிகள் பல சரபங்கா ஆற்றுப் படுகையில் உள்ளவை. சரபங்கா பிறப்பதோ இதே சேர்வராயன் மலையில். திட்டம் வந்ததும் டெல்டா விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் கேள்வி எளிமையானது: கடைமடை வாய்க்கால் காயும்போது மேட்டூரில் வழிவது எப்படி உபரியாகும்? சேலத்து விவசாயியின் கேள்வியும் எளிமையானது: கண்ணெதிரே கடலுக்கு ஓடும் வெள்ளத்தில் ஒரு வாய் எங்கள் ஏரிக்கு வரக்கூடாதா? இருவரும் ஒரே ஆற்றைப் பார்க்கிறார்கள், ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். ஒருவருக்கு அது தன் பங்கிலிருந்து எடுத்தது, மற்றவருக்குத் தன்னை வந்து சேர வேண்டியது. வெளியாள் ஒருவர் தராசைப் பிடித்து இதைத் தீர்த்துவிட முடியாது. ஆனால் 'உபரி' என்று எழுதும் முன் கடைமடைக்காரரை ஒருமுறை கேட்டிருக்கலாம். மலை உச்சிக் குகையில் காவிரியம்மன் நிற்பது சேர்வராயனுக்குப் பக்கத்தில். நதியும் மலையும் ஓர் இருட்டில் ஒன்றாக இருக்கின்றன.

களத்துமேட்டில் நெல் அளக்கும் பெரியவர்கள் முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணுவதில்லை. 'லாபம்' என்று சொல்லிவிட்டு இரண்டுக்குப் போவார்கள். அரிசிப் பானை காலியானால் 'இல்லை' என்று சொல்லாமல் 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்லும் வீடுகள் இன்றும் உண்டு. படியைத் தலைதட்டி அளப்பது ஒரு வகை, கூம்பாகக் குவித்து அளப்பது இன்னொரு வகை. இரண்டும் ஒரு படிதான் என்று கணக்கு சொல்லும். வாங்கிக்கொண்டு போகும் பெண்ணுக்கு வேறுபாடு தெரியும்.

ஏற்காட்டு ஏரிக்கரைச் சாலையோரத்தில் பழமும் மிளகும் காப்பித்தூளும் வைத்து விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, பேருந்துக்கு நேரமாகிவிட்ட கூட்டம். ஆரஞ்சுப் பழத்தைத் தராசில் ஏற்றுகிறார் ஓர் அம்மா. இரண்டு தட்டும் சமமாக வந்து நிற்கின்றன. பையில் கொட்டிய பிறகு, "கொசுறு போடுங்கம்மா" என்று கேட்க வாங்குபவர் வாயெடுக்கிறார். அதற்குள் குவியலிலிருந்து இன்னொரு பழத்தை எடுத்து, தட்டில் வைக்காமல், பக்கத்தில் நிற்கிற குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்க்கிறார்.